வாத்து திரிகிறது, கோழி சாகிறது

கேள்வி: பறவைக் காய்ச்சலில் கோழிகள் கொத்தாகச் சாகின்றன, வாத்துகள் மட்டும் பல நேரம் தெம்பாகத் திரிகின்றனவே, எப்படி?

பதில்: வைரஸின் மேற்புறப் புரதமான ஹீமக்ளுட்டினினை ஒரு நொதி வெட்டிவிட்டால்தான் தொற்று பரவும். எச்9என்2 போன்ற வீரியம் குறைந்த வகைகளை வெட்டும் நொதி மூச்சுப்பாதையிலும் குடலிலும்தான் உண்டு. எனவே தும்மல், முட்டைக் குறைவு என்ற அளவில் பெரும்பாலும் நின்றுவிடும். கொடிய எச்5என்1-ஐ வெட்டும் ஃபியூரின் என்ற நொதியோ உடலெங்கும் இருக்கிறது. அதனால் கோழியில் இந்த வைரஸ் ரத்தக்குழாயின் உட்சுவரையே தாக்கும்: கொண்டை நீலம் பாரிக்கும், முகம் வீங்கும், கால் தோலில் ரத்தத் திட்டுகள் தெரியும். சில கோழிகள் எந்த அறிகுறியும் காட்டாமலே விழும்.

வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடித்து எச்சரிக்கும் ரிக்-1 என்ற உணர்வி வாத்துக்கு உண்டு. கோழிக்கு அந்த மரபணுவே இல்லை. இது 2010-ல் தெரியவந்தது. இது ஒன்றே காரணம் என்று நினைக்க வேண்டாம். சில எச்5என்1 திரிபுகள் வாத்தையும் கொல்லும். நலமாகத் தெரியும் வாத்தும் எச்சத்தில் வைரஸைக் கொட்டும். வாத்து நீந்தும் குளத்து நீரைக் கோழிக்கு வைக்காதீர்கள்.

கேள்வி: வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி இதற்கும் உதவுமா?

பதில்: உதவாது. வெள்ளைக்கழிச்சலைத் தருவது வேறு குடும்பத்து வைரஸ். ஆனால் இரண்டு நோய்களின் அறிகுறிகளும் ஏறக்குறைய ஒன்றே. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. திடீர்ச் சாவு கண்டால் கோழியை அறுத்துப் பார்க்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். தொண்டையிலும் எச்சவாயிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, குளிர் குறையாமல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இந்தியாவில் பறவைக் காய்ச்சலை உறுதிசெய்வது போபாலில் உள்ள தேசிய விலங்குநோய் ஆய்வகம்.