காட்டில் வழி தப்பினால்: தேடப் போகிறவரிடம் கேள்வி பதில்

காட்டில் காணாமல் போனவர்களைத் தேடும் குழுக்களோடு போய் வருகிறவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் அடிக்கடி வரும். இந்த முறை மொத்தமாகச் சேர்ந்துவிட்டதால் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். தேடுகிறவன் பக்கமிருந்து பார்த்துத்தான் பதில் சொல்வேன். வீடியோக்களில் வருகிற மாதிரி கத்தியைத் தூக்கிக்கொண்டு காட்டை ஜெயிக்கிற வித்தை எதுவும் என்னிடம் இல்லை.

கேள்வி: வழி தப்பிவிட்டது என்று உறைத்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் அண்ணா?

உட்காருங்கள். நிஜமாகவே உட்காருங்கள். பையை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் இருந்தால் இரண்டு மிடறு குடியுங்கள். வழி தப்பிய முதல் அரைமணி நேரத்தில் கால்தான் எதிரி, "இதோ இந்த மேட்டைத் தாண்டினால் பாதை வந்துவிடும்" என்று அதுபாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும், அந்த மேட்டுக்குப் பின்னால் இன்னொரு மேடு இருக்கும். பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

மூச்சு சீரானதும், கடைசியாக எந்த இடத்தில் பாதை சரியாக இருந்தது, அங்கிருந்து எவ்வளவு நேரம் நடந்தோம் என்று யோசியுங்கள். உட்கார்ந்த இடத்தில் கண்ணைப் பறிக்கிற நிறத்தில் ஒரு துணியைக் கட்டுங்கள். திரும்பிப் பார்த்தால் அந்தத் துணி தெரிகிற தூரம் வரைக்கும் மட்டும் ஒவ்வொரு பக்கமாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். உங்கள் காலடித் தடமோ தெரிந்த பாதையோ கண்ணில் பட்டால் சரி, இல்லையென்றால் இருந்த இடத்திலேயே இருங்கள்.

கேள்வி: எந்தக் காடும் ஓரிடத்தில் முடியத்தானே வேண்டும்? ஒரே திசையில் நேராக நடந்துகொண்டே இருந்தால் வெளியே வந்துவிட மாட்டோமா?

நேராக நடந்தால் வரலாம்தான், ஆனால் உங்களால் நேராக நடக்க முடியாது. 2009-இல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஜிபிஎஸ் கருவியைக் கொடுத்து, ஒரு பெரிய சமதளக் காட்டுக்குள் நேராக நடங்கள் என்று ஆட்களை விட்டார்கள். வெயில் இருந்தபோது நடந்தவர்கள் ஏறக்குறைய நேராகப் போனார்கள். மேகமூட்டத்தில் நடந்த நான்கு பேரும் வட்டமடித்தார்கள், அதில் மூன்று பேர் தாங்கள் ஏற்கெனவே நடந்த தடத்தையே மறுபடி மறுபடி குறுக்கே கடந்திருக்கிறார்கள், அது தெரியவே இல்லை. கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொன்னபோது வட்டம் 20 மீட்டர் அகலத்துக்குக்கூடச் சுருங்கியது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல என்று நாம் சும்மா சொல்வதை அவர்கள் ஜிபிஎஸ் வைத்தே நிரூபித்துவிட்டார்கள். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை, அதனால்தான் வட்டம் என்று சிலர் சொல்வதும் அந்தச் சோதனையில் நிற்கவில்லை.

இன்னொன்று. நீங்கள் நடக்க நடக்க, நாங்கள் தேட வேண்டிய பரப்பும் விரிகிறது. ஒரு கிலோமீட்டர் சுற்றுக்குள் தேடுவதற்கும் இரண்டு கிலோமீட்டர் சுற்றுக்குள் தேடுவதற்கும் பரப்பளவில் நான்கு மடங்கு வித்தியாசம். போதாக்குறைக்கு, தேடி முடித்த இடத்துக்குள் நீங்கள் பின்னால் வந்து சேர்ந்தீர்கள் என்றால் அங்கே மறுபடி யாரும் சீக்கிரம் வர மாட்டார்கள்.

கேள்வி: ஓடையைப் பிடித்துக்கொண்டு கீழே போனால் ஊர் வரும் என்பார்களே? பெரு நாட்டில் ஒரு பெண் அப்படித்தானே பிழைத்தார்?

யூலியானே கோப்கேவைச் சொல்கிறீர்கள். 1971 டிசம்பர் 24 அன்று மின்னல் தாக்கி விமானம் நடுவானில் உடைந்து, இருக்கையோடு சேர்ந்து அமேசான் காட்டுக்குள் விழுந்தவர், அப்போது வயது 17. ஓடையோடு நடந்து 11-ஆம் நாள் காட்டு வேலைக்காரர்கள் கண்ணில் பட்டார். உண்மைதான். ஆனால் அவருடைய பெற்றோர் விலங்கியலாளர்கள், அந்தக் காட்டுக்குள் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவர்களோடு வாழ்ந்தவர், எந்தத் தண்ணீரில் எது இருக்கும் என்று தெரிந்தவர். மேலே பறந்த தேடுதல் விமானங்களுக்கு மர உச்சிகளைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை என்பதால்தான் நடக்க முடிவு செய்தார்.

மலைக்காட்டில் ஓடை என்றால் வழுக்குப் பாறை, செங்குத்துச் சரிவு, திடீரென்று ஓர் அருவி. இறங்கிவிடலாம், திரும்ப ஏற முடியாது. கணுக்கால் பிசகிவிட்டால் கதையே மாறிவிடும். அதோடு ஓடைச் சத்தத்தில் நாங்கள் கூப்பிடுவது உங்களுக்குக் கேட்காது, நீங்கள் கத்துவது எங்களுக்கும் கேட்காது. தண்ணீருக்குப் பக்கத்தில் இருங்கள், ஆனால் கொஞ்சம் மேடான, சத்தம் குறைந்த இடத்தில் இருங்கள். வறண்டு கிடக்கிற ஓடையின் மணலில் படுக்கவே கூடாது, மேலே எங்கோ பெய்த மழைக்கு ராத்திரியில் வெள்ளம் வரும்.

கேள்வி: போனில் சிக்னல் இல்லையென்றால் அது வெறும் டார்ச்தானா?

இல்லை. ஜிபிஎஸ்ஸுக்கு நெட்வொர்க் தேவையில்லை. மேப்பைத் திறந்து, உங்கள் இருப்பிடத்தின் எண்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) தாளிலோ கையிலோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவசர உதவி எண்ணான 112-ஐ அடித்துப் பாருங்கள், உங்கள் சிம்முக்குக் கோபுரம் எட்டாத இடத்திலும் வேறு கம்பெனியின் கோபுரம் எட்டினால் பல நாடுகளில் அந்த அழைப்பு போகும். பேச்சு போகாத இடத்தில் குறுஞ்செய்தி சில நேரம் போய்விடும், அதனால் எண்களையும், எத்தனை பேர், அடிபட்டிருக்கிறதா என்பதையும் ஒரே செய்தியில் எழுதி அனுப்புங்கள். அனுப்பிய பிறகு நகராதீர்கள்! இடத்தைச் சொல்லிவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடுகிறவர்கள் எங்கள் தலைவலி.

மற்ற நேரமெல்லாம் ஏரோபிளேன் மோட், இல்லாவிட்டால் சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். குளிரான இடமென்றால் போனைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள்.

கேள்வி: தொண்டை கிழியக் கத்தினால் எவ்வளவு தூரம் கேட்கும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான், அதுவும் ஒரு மணி நேரத்தில் குரல் போய்விடும். விசில் ஊதுங்கள். மூன்று முறை ஊதி, ஒரு நிமிடம் காதைத் தீட்டிக் கேளுங்கள், மறுபடி மூன்று. மூன்று என்றால் ஆபத்து என்று பல நாடுகளில் தேடுகிறவர்களுக்குத் தெரியும். விசில் இல்லையா, கல்லால் கல்லையோ காய்ந்த மரத்தையோ மூன்று மூன்றாகத் தட்டுங்கள். ஒழுங்காக இடைவெளி விட்டு வருகிற சத்தத்தைக் காடு தானாக உண்டாக்காது, அதனால் எங்கள் காது அதைப் பிடித்துவிடும்.

பதில் சத்தம் கேட்டதும் அதை நோக்கி ஓடாதீர்கள். பள்ளத்தாக்கில் எதிரொலி திசையை மாற்றிக் காட்டும். ஊதிக்கொண்டே இருங்கள், நாங்கள் வருகிறோம்.

கேள்வி: ராத்திரியை எப்படிக் கழிப்பது சார்? நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பயம் இருக்கும், அதை விடுங்கள், குளிரைப் பாருங்கள். பனி பொழிகிற இடத்தில்தான் குளிரால் சாவார்கள் என்று நினைக்காதீர்கள். உடம்பு நனைந்து, மேலே காற்றும் அடித்தால் 10 டிகிரியிலேயே உடல் வெப்பம் இறங்கிக்கொண்டே போகும், உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் மூளை குழம்பத் தொடங்கும். முற்றிய நிலையில் சிலருக்கு வேர்த்துக் கொட்டுவது போல ஒரு பொய்ச்சூடு தோன்றி, சட்டையைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

இருட்டுவதற்கு ரொம்ப முன்னாலேயே வேலையைத் தொடங்குங்கள், மரக்கூட்டத்துக்கு அடியில் சீக்கிரமே இருட்டிவிடும். கையை நீட்டி, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவில் எத்தனை விரல் பிடிக்கிறது என்று பாருங்கள், ஒரு விரலுக்குக் கால்மணி நேரம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இடத்தைத் தேர்ந்ததும் முதலில் அண்ணாந்து பாருங்கள்: மேலே காய்ந்த கிளை தொங்கினால் வேறு இடம் போங்கள். அப்புறம் தரை. மேலே கூரை போடத்தான் எல்லோரும் ஓடுவார்கள், ஆனால் ஈரத்தரை முதுகு வழியாகச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காய்ந்த சருகை முழங்கால் உயரத்துக்குக் குவியுங்கள், படுத்ததும் அது அமுங்கி ஒரு சாண்கூட மிஞ்சாது, எழுந்து இன்னும் குவியுங்கள். குவிப்பதற்கு முன் ஒரு குச்சியால் கிளறிவிடுங்கள், உள்ளே ஏற்கெனவே யாராவது குடியிருக்கலாம். மிச்சச் சருகைச் சட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் திணித்துக்கொள்ளலாம், சுருக்கென்று குத்தும், பரவாயில்லை. ஈரத்துணி உடம்பில் இருந்தால் பிழிந்து காயப்போட்டுவிட்டு உலர்ந்தது எதையாவது போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒட்டிப் படுங்கள், இதில் கூச்சம் வேண்டாம்.

ராத்திரியில் நடக்கவே வேண்டாம். இதற்கு விதிவிலக்கு கேட்காதீர்கள்.

கேள்வி: ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கலாமா? காய்ச்சப் பாத்திரமே இல்லை.

காய்ச்ச முடிந்தால் காய்ச்சுங்கள். நன்றாகக் கொதி வந்து ஒரு நிமிடம் போதும், 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். முடியாவிட்டால், ஓடுகிற தண்ணீராகப் பார்த்துக் குடித்துவிடுங்கள். அதில் இருக்கிற கிருமி வயிற்றைக் கெடுக்கப் பெரும்பாலும் சில நாட்கள் ஆகும், ஜியார்டியா போன்றவைக்கு ஒன்றிரண்டு வாரம்கூட ஆகும், அதற்கு மருந்து உண்டு. தண்ணீரே குடிக்காவிட்டால் மூன்று நாளில் ஆள் காலி, வெயிலில் நடந்தால் அதற்கும் முன்னாலேயே. மழை பெய்தால் துணியை விரித்துப் பிடித்துப் பிழியுங்கள், இலைகளில் விடிகாலை ஈரத்தையும் அப்படியே எடுக்கலாம். சிறுநீரைக் குடிக்கிற யோசனையை விட்டுவிடுங்கள், அது உடம்பிலிருக்கிற நீரையும் சேர்த்து வெளியேற்றும். கொடியை வெட்டினால் பால் போல வடிவதையும் தொட வேண்டாம்.

கேள்வி: எந்தக் காய், எந்தக் கிழங்கு சாப்பிடலாம்?

நிச்சயமாகத் தெரிந்ததைத் தவிர எதுவும் வேண்டாம். பசியோடு வாரக்கணக்கில் உயிரோடு இருக்கலாம், பெரும்பாலான தேடல்கள் அதற்குள் முடிந்துவிடும். குரங்கு தின்றால் நாமும் தின்னலாம் என்பது தப்பு. காளான் பக்கமே போகாதீர்கள், சில வகையைத் தின்றால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றுமே தெரியாது, தெரியும்போது ஈரல் போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: புலி, கரடி, யானை எதிரே வந்தால்?

பெரும்பாலும் நீங்கள் வருவது அவற்றுக்கு முதலில் தெரிந்துவிடும், விலகிப் போய்விடும். பெரிய பூனை வகை எதிரே நின்றால் முதுகைக் காட்டாதீர்கள், குனியாதீர்கள், ஓடாதீர்கள். நிமிர்ந்து நின்று உரக்கப் பேசிக்கொண்டே மெல்லப் பின்வாங்குங்கள். யானைக்கு இந்தப் பாடம் செல்லாது, சத்தம் போட்டுச் சீண்டாமல் எவ்வளவு சீக்கிரம் விலக முடியுமோ விலகுங்கள், நடுவில் பெரிய மரங்களும் பாறைகளும் இருக்கட்டும். மிருகங்கள் நடக்கிற தடத்திலும், தண்ணீர் குடிக்க இறங்குகிற இடத்திலும் படுக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை இல்லை.

கேள்வி: பாம்பு கடித்தால் கயிற்றால் கட்டி, ரத்தத்தை உறிஞ்சித் துப்பலாமா? அட்டைக்கு என்ன செய்வது?

கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வாட்சைக் கழற்றுங்கள், வீக்கம் வந்தால் எடுக்க முடியாது. கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்ததற்குக் கட்டுவது போலக் குச்சி வைத்து அசையாமல் வையுங்கள், கூட ஆள் இருந்தால் அவர் உதவிக்குப் போகட்டும். அட்டையை நகத்தால் பக்கவாட்டில் நெம்பி எடுங்கள், நெருப்பு வைத்தால் தின்றதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும்.

கேள்வி: பாசி வளர்ந்த பக்கம் வடக்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்தேனே?

ஈரக்காட்டுக்குள் வந்து பாருங்கள் தம்பி, மரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் வடக்காகத்தான் இருக்கும். வெட்டவெளி கிடைத்தால் குச்சியை நட்டு, நிழல் நுனியில் ஒரு கல், இருபது நிமிடம் கழித்து நிழல் நுனியில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. ஆனால் சாலை எந்தப் பக்கம் என்று தெரியாதவருக்கு வடக்கு தெரிந்து என்ன ஆகப்போகிறது?

கேள்வி: குழந்தைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? அவர்கள் பயந்து ஓட மாட்டார்களா?

ஓடுவார்கள், ஒளிந்தும் கொள்வார்கள். திட்டு விழும் என்ற பயம் ஒன்று, தெரியாதவர் கூப்பிட்டால் போகாதே என்று நாமே சொல்லி வைத்திருப்பது இன்னொன்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு பத்தடி தூரத்தில் போனாலும் புதருக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பார்கள். அதனால் மூன்றே விஷயம் சொல்லுங்கள்: ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இரு, உன் பெயரைக் கூப்பிடுகிறவருக்குப் பதில் சொல், யாரும் உன்னைத் திட்ட மாட்டோம். மூன்றாவதை நீங்களும் காப்பாற்ற வேண்டும்.

2023-இல் கொலம்பியாவில் விமான விபத்துக்குப் பிறகு நான்கு குழந்தைகள் 40 நாள் அமேசான் காட்டில் இருந்தார்களே, மூத்தவளுக்கு 13 வயது. அவர்கள் நகர்ந்துகொண்டே இருந்ததுதான் தேடுகிறவர்களுக்குப் பெரிய சிக்கல். ஒரே இடத்தில் இருங்கள் என்று பாட்டியின் குரலைப் பதிவு செய்து, அவர்கள் மொழியிலேயே ஹெலிகாப்டர் ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு பறந்தார்கள்.

கேள்வி: நான் எங்கே போனேன் என்று யாருக்குமே தெரியாது. அப்போதும் உட்கார்ந்தே இருக்க வேண்டுமா?

இதுதான் கஷ்டமான கேள்வி. யாரும் தேடவே மாட்டார்கள் என்பது உறுதியானால், உடம்பில் தெம்பு இருக்கும்போதே கிளம்ப வேண்டியதுதான். ஆனால் அவசரமாக முடிவு செய்யாதீர்கள். வேலைக்கு வரவில்லை, போன் எடுக்கவில்லை, வண்டி காட்டோரம் நிற்கிறது என்று யாராவது கவனிப்பார்கள். அடிபட்டிருந்தால் நகரவே வேண்டாம். கிளம்பத்தான் வேண்டுமென்றால், விடிந்ததும் கிளம்புங்கள், கிளம்புகிற இடத்தில் பெயர், தேதி, போகிற திசை எழுதி வையுங்கள் அல்லது கற்களை அம்பாக அடுக்குங்கள், வழியெல்லாம் கிளையை ஒடித்துக்கொண்டே போங்கள், நண்பகல் தாண்டியதும் நின்று ராத்திரிக்கு இடம் பாருங்கள்.

கேள்வி: சின்ன நடைக்குப் போகும்போதும் பையில் இருக்க வேண்டியது என்ன?

விசில், லைட்டர், டார்ச், பெரிய பிளாஸ்டிக் பை ஒன்று (தலைக்குத் துளை போட்டு மாட்டினால் மழைக்கோட்டு), நினைத்ததைவிட ஒரு பாட்டில் அதிகத் தண்ணீர். லைட்டர் இருக்கிறதே என்று காய்ந்த காட்டில் கண்ட இடத்தில் பற்ற வைக்காதீர்கள், மண் தெரிகிற வரை சருகை விலக்கிவிட்டு, கையடக்கமாக மூட்டுங்கள், பகலில் அதன் மேல் பச்சை இலையைப் போட்டால் வெள்ளைப் புகை மேலே எழும். இதையெல்லாம் எடுத்து வைத்த பிறகு, எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், திரும்பாவிட்டால் எப்போது யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.