ஓவியர்கள் சேர்ந்து கூட்டுறவு முறையில் ஒரு கலைக்கூடத்தை நடத்த முடியுமா? சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அது எப்படிச் சாத்தியமாயிற்று?

முடியும். ஆனால் ஓவியங்களை விற்றுத்தான் அக்கூடத்தை நடத்த வேண்டும் என்று தொடங்கினால் நெடுநாள் நிற்காது என்பதே என் எண்ணம். நீங்களும் உங்கள் ஊர் நண்பர்களும் அப்படியொரு முயற்சியில் இறங்க இருப்பதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ஆகையால், சென்னையில் வாழ்பவன் என்ற முறையிலும் சென்னைக்கு அருகே ஓவியர்களே சேர்ந்து அமைத்த குடியிருப்பான சோழமண்டலத்துக்குப் பல ஆண்டுகளாகச் சென்று வருபவன் என்ற முறையிலும், அங்கே நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1960-களின் தொடக்கத்தில் எழும்பூர் அரசு ஓவியக் கல்லூரியில் படித்து வெளியேறிய மாணவர்களுக்குப் பிழைப்புக்கான வழி மிகக் குறைவாக இருந்தது. நவீன ஓவியத்தை வாங்குவோர் மெட்ராஸில் அரிது. விளம்பர நிறுவனத்திலோ நெசவு வடிவமைப்பு நிலையத்திலோ வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குச் சொந்தமாக வரைய நேரம் கிடைக்கவில்லை. கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் இதை ஒவ்வோர் ஆண்டும் கண்முன்னே பார்த்துக்கொண்டிருந்தவர். அவருடைய தூண்டுதலால் மாணவர்களும் இளம் ஓவியர்களும் ஒரு கைவினைச் சங்கத்தை அமைத்து, பாத்திக் துணிகள் (மெழுகால் கோலமிட்டுச் சாயமேற்றியவை), தோல் பொருட்கள், உலோக வேலைப்பாடுகள் ஆகியவற்றைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். அந்த வருவாயில் ஒரு பகுதி செய்தவருக்கும் ஒரு பகுதி சங்கத்தின் பொது நிதிக்கும் சென்றது. அந்தச் சேமிப்பே பின்னர் திருவான்மியூருக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடற்கரையை ஒட்டிய மணல்வெளியில், சுமார் 10 ஏக்கர் நிலமாயிற்று. 1966-இல் சோழமண்டலம் பிறந்தது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் நெரிசலில் அவ்விடத்தைக் கடப்பவர்களால், மின்சாரமும் ஒழுங்கான சாலையும் இல்லாத அந்த நாளைய ஈஞ்சம்பாக்கத்தைக் கற்பனை செய்வதுகூடக் கடினம்.

இதில் நான் மிகவும் மதிக்கும் முடிவு ஒன்று உண்டு. பொழுதில் ஒரு பகுதி கைவினைக்கு, மீதி ஓவியத்துக்கு என்று உழைப்பைப் பிரித்துக்கொண்டதன் மூலம், வயிற்றுக்கான பொறுப்பை ஓவியத்தின் தலையில் ஏற்றாமல் அவர்கள் காத்துக்கொண்டார்கள். பாத்திக் துணியை வாங்குபவருக்குப் பிடித்ததைச் செய்து கொடுப்பதில் யாருக்கும் மனத்தடை இருக்கவில்லை. தனக்கென வரையும் சித்திரத்தில் வாங்குபவரின் விருப்பத்துக்கு இடமில்லை. அரசு மானியத்தையோ ஒரு செல்வந்தரின் தயவையோ நம்பாமல் அக்கிராமம் தன் காலில் நின்றதற்கு இந்தப் பிரிவினையே காரணம்.

ஆனால் பிரித்து வைத்த கைவினை அப்படியே ஒதுங்கிவிடவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பூட்டுவது. மெழுகைத் தொட்டுத் துணியில் கோடிழுத்துப் பழகிய கை, தாளில் இழுக்கும் கோட்டிலும் அந்த உறுதியைக் கொண்டுவந்தது. மெட்ராஸ் இயக்கம் என்று இப்போது அழைக்கப்படும் கலைப்போக்கின் முதன்மையான அடையாளம் கோடு என்று விமரிசகர்கள் சொல்வதை, சோழமண்டல அருங்காட்சியகத்தில் ஒரு சுற்று வந்தாலே நாம் உணர முடியும். எஸ்.ஜி. வாசுதேவ் வண்ணத்தில் தீட்டிய விருட்சங்களைச் செப்புத் தகட்டுப் புடைப்புகளாகவும் செய்திருக்கிறார், எம். சேனாதிபதி ஓவியத்துக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையே எளிதாகப் போய்வருகிறார். இவர்கள் விஷயத்தில் கைவினை எங்கே முடிகிறது, கலை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது வீண் வேலை.

உலோகச் சிற்பங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோயில்களில் மூலவருக்குச் சாத்தும் கவசங்களைத் தகட்டைத் தட்டிச் செய்யும் மரபு நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. அந்த மரபைக் கவனித்துப் பார்த்து, செப்புத் தகட்டைத் தட்டியும் வளைத்தும், அதன்மேல் கம்பிகளையும் சிறு துண்டுகளையும் பற்றவைத்தும் புதிய சிற்ப மொழியை உருவாக்கியவர் பி.வி. ஜானகிராம். அவருடைய உருவங்களைச் சுற்றிவந்து பார்க்க வேண்டியதில்லை. சந்நிதியில் நிற்பதுபோல் நேரே நின்று பார்க்க வேண்டும். பணிக்கரின் மகனான எஸ். நந்தகோபால் அந்த முகப்புச் சிற்ப முறையை எடுத்துக்கொண்டு, செம்பு, பித்தளை, எனாமல் ஆகியவற்றோடு இன்னும் நுணுக்கமான கதை உலகங்களாக வளர்த்தார். 2017-இல் அவர் மறையும்வரை கிராமத்தின் நிர்வாகச் சுமையையும் பெருமளவு தாங்கினார். நல்ல சிற்பி ஒருவர் கணக்குப் புத்தகங்களோடும் கடிதங்களோடும் இத்தனை ஆண்டுகள் மல்லுக்கட்டினார் என்பதை, கூட்டுறவில் இறங்கும் எவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1967-இல் முதல்வர் பதவியை விட்டு விலகிய பணிக்கர், 1977-இல் இறக்கும்வரை சோழமண்டலத்தோடேயே தன் வாழ்வைப் பிணைத்துக்கொண்டார். 1963-இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை அவரது உச்சம் என்று கருதுகிறேன். வணிகவியல் மாணவர் ஒருவரின் குறிப்பேட்டில் இருந்த எண்களும் எழுத்துகளும் கட்டங்களும்தான் அந்த வரிசைக்கு வித்தாயின. மலையாள எழுத்துகள்போலத் தோன்றுபவை, ஜாதகக் கட்டங்கள், கணக்குகள், சிறு உருவங்கள் எல்லாம் நெருக்கமாக நிறைந்த அந்தப் பரப்புகளைப் படிக்க முயலாதீர்கள்; பார்த்துக்கொண்டிருங்கள். அவரது படைப்புகளைப் பெரிய அளவில் காண வேண்டுமானால் திருவனந்தபுரத்தில் அவர் பெயரில் உள்ள கூடத்துக்கும் செல்ல வேண்டும்.

கே. ராமானுஜத்தைச் சொல்லாமல் விட என்னால் இயலாது. பேச்சாலும் பழக்கத்தாலும் உலகத்தோடு ஒட்ட முடியாமல் தவித்த அந்த இளைஞருக்குத் தங்கவும் வரையவும் சோழமண்டலம் இடம் கொடுத்தது. மையால் நுணுகி நுணுகி வரையப்பட்ட மாளிகைகளும் விசித்திர விலங்குகளும் அவற்றின் நடுவே தொப்பியணிந்த ஒரு மனிதருமாக, வேறு யாராலும் வரைய முடியாத ஓர் உலகத்தை அவர் விட்டுச் சென்றார். 1973-இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ஒரு கூட்டுறவால் கூரையும் தாளும் தர முடிந்தது. அவருடைய தனிமையைத் தீர்க்க முடியவில்லை. அந்தச் சித்திரங்களின் முன் நிற்கும்போது இது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

ஜே. சுல்தான் அலியின் பழங்குடி உருவங்கள், கே.வி. ஹரிதாசனின் யந்திர (தாந்திரிக வழிபாட்டுச் சக்கர) வடிவங்கள், பி. கோபிநாத்தின் செறிந்த வண்ணங்கள், சி. டக்ளஸின் கசங்கி மங்கிய காகிதப் பரப்புகள் ஆகியவற்றையும் பொறுமையாகப் பாருங்கள். ஒரே இடத்தோடு பிணைந்திருந்த இவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் வரையவில்லை என்பது, கூட்டாக வாழ்ந்தால் தனித்தன்மை போய்விடும் என்று அஞ்சுவோருக்குப் போதுமான பதில். 2009-இல் திறக்கப்பட்ட சமகாலக் கலை மையத்தில் மெட்ராஸ் இயக்கத்துக்கான அருங்காட்சியகமும், வெளிக் கலைஞர்கள் கண்காட்சி நடத்த வாடகைக்குக் கிடைக்கும் இரு கூடங்களும் உள்ளன. கைவினை விற்பனை ஒரு காலத்தில் செய்த வேலையின் ஒரு பகுதியை இப்போது அந்த வாடகை செய்கிறது.

குறைகளும் உண்டு. தொடக்க உறுப்பினர்களில் பெண்கள் மிகச் சிலரே. அர்னவாஸ், அனிலா ஜேக்கப் ஆகிய பெயர்கள் நினைவுக்கு வரும் அளவுக்கு மற்றவர்களின் பெயர்கள் வருவதில்லை. அடுத்ததாக, நிலமும் வீடும் உறுப்பினர்களோடு பிணைந்திருக்கும் அமைப்பில் இளைய கலைஞர்கள் உள்ளே வருவது எளிதன்று. நிலத்தின் மதிப்பு ஏறிய பின் அந்தக் கதவு இன்னும் குறுகிவிட்டது. நிறுவியவர்களின் தலைமுறை மறைய மறைய, வாழும் கிராமம் என்ற தன்மை தேய்ந்து நினைவிடம் என்ற தன்மை கூடிவருவதாக எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே உங்கள் நண்பர்களோடு உட்காரும்போது சுவர்களுக்கு என்ன வண்ணம் பூசுவது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். உங்கள் ஊரில் மாதந்தோறும் தவறாமல் விற்கக்கூடிய கைவேலை எது, அதை உங்களில் யார் யார் செய்ய முடியும், விற்ற தொகையில் எவ்வளவு பொது நிதிக்குச் செல்லும், கணக்கை யார் எழுதுவார், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பொறுப்பு கை மாறும், இடத்தைச் சங்கத்தின் பெயரில் வைத்திருப்பதா பிரித்துக்கொள்வதா, பத்து ஆண்டுகள் கழித்து வரும் இருபது வயதுப் பெண் ஓவியர் எந்த வழியாக உறுப்பினராவார் என்பவற்றை முதல் கூட்டத்திலேயே பேசி, எழுத்தில் வைத்துக் கையெழுத்திடுங்கள். அதற்குமுன் எல்லோருமாக ஒருநாள் ஈஞ்சம்பாக்கம் வந்து போவது நல்லது. அங்குள்ள மூத்த கலைஞர்கள் யாரேனும் பேசக் கிடைத்தால், படங்களைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்தாமல் கணக்கைப் பற்றியும் கேளுங்கள்.