சுண்ணாம்பும் ஆணியும் இல்லாமல் கல்லும் மரமும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன?

கேள்வி: பழைய கற்கோயில்களில் சுண்ணாம்புகூட வைக்காமல் கற்களை எப்படி இணைத்தார்கள்? தச்சர்கள் மரத்தில் போடும் இணைப்பைத்தான் கல்லிலும் போட்டார்களா? பாறைகளில் இயற்கையாகவே கோடு கிழித்ததுபோல் இருக்கும் விரிசல்களுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: சம்பந்தம் உண்டு. மரம் இழுப்பைத் தாங்கும், கல் தாங்காது. மர இணைப்பு, கல் இணைப்பு, பாறை விரிசல் மூன்றையும் இந்த ஒரு குணத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். எங்கள் வீட்டில் தச்சு வேலை, நான் படித்தது நிலவியல். அதனால் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரத்தை இணைக்கும் பழக்கம் நம் இனத்தைவிட மூத்தது. ஜாம்பியாவில் கலம்போ அருவிக்கு அருகே ஆற்று மண்ணில் புதைந்து கிடந்த இரண்டு மரத் துண்டுகளைப் பற்றி 2023-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒன்றில் வெட்டுவாய் எடுத்து, அது இன்னொன்றின் மேல் குறுக்காகப் படியும்படி உட்கார வைத்திருக்கிறார்கள். வயது குறைந்தது 4,76,000 ஆண்டுகள். ஜெர்மனியில் லைப்சிக் வட்டாரத்தில் சுமார் 7,000 ஆண்டுப் பழமையான கிணறுகள் கிடைத்திருக்கின்றன. உள்சுவருக்கு ஓக் மரங்களை அடுக்கி, அடியில் ஒரு மரத்தில் துளையும், அதற்குள் நுழையும் நாக்கு இன்னொன்றிலுமாகப் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். உலோக உளி வராத காலம் அது, எல்லாம் கல் வாய்ச்சியால் செதுக்கியவை.

சரி, நம் வீட்டுக் கதவுக்கு வருவோம். தேக்குப் பலகை நீளவாக்கில் அனேகமாக அசையாது. அகலவாக்கில் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஓர் அடி அகலப் பலகை, சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர்கூட மாறும். இத்தனைக்கும் தேக்கு அடக்கமான மரம், மற்ற பல மரங்கள் இன்னும் ஆடும். அந்தப் பலகையை நான்கு பக்கமும் பசை வைத்து, ஆணி அடித்து நிறுத்தினால் நடுவில் வாய் பிளந்துவிடும். அதனால்தான் பழைய கதவுகளில் நெடுக்குச் சட்டம், குறுக்குச் சட்டம் என்று கூடு கட்டி, சட்டத்தின் உள்விளிம்பில் காடி (நீளப் பள்ளம்) ஓட்டி, பலகையை அதில் பசையில்லாமல் செருகிவிடுவார்கள். பலகை காடிக்குள் போகும், வரும். பெயின்ட் அடித்த பழைய கதவை நல்ல கோடையில் உற்றுப் பாருங்கள். பலகையின் ஓரத்தில் பெயின்ட் படாத வெறும் மரம் மெல்லிய கோடாக எட்டிப்பார்க்கும். மழைக்காலத்தில் பெயின்ட் அடித்தபோது காடிக்குள் ஒளிந்திருந்த பகுதி அது.

பலகைக்குத்தான் இந்தச் சுதந்திரம். சட்டங்கள் சேரும் மூலை இம்மிகூட அசையக் கூடாது. நெடுக்குச் சட்டத்தில் துளை, குறுக்குச் சட்டத்தின் முனையில் நாக்கு. இரண்டையும் சேர்த்துக் குறுக்கே மர முளை அடிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அதற்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அப்பா முதலில் துளையுள்ள சட்டத்தில் மட்டும் முளைக்கான ஓட்டையைப் போடுவார். நாக்கைச் செருகி, ஓட்டை வழியாக அடையாளம் வைத்து, வெளியே உருவிவிடுவார். பிறகு நாக்கில் ஓட்டை போடும்போது அடையாளத்தின் மேலேயே போடமாட்டார், நாக்கு அதன் சட்டத்தோடு சேரும் பக்கமாக அரை நூல் தள்ளிப் போடுவார் (அங்குலத்துக்கு எட்டு நூல்). திரும்பச் செருகினால் ஓட்டைகள் நேராக வராது. முனை சீவிய முளையைக் கொட்டாப்புளியால் அடிக்க அடிக்க, அது லேசாக வளைந்துகொண்டே உள்ளே போகும். போகிற போக்கில் நாக்கைத் துளைக்குள் இழுத்து, இரண்டு சட்டங்களுக்கும் நடுவே தாள்கூட நுழையாதபடி இறுக்கிவிடும். பசை காலாவதியான பிறகும் இந்தப் பிடி விடாது. முளை வளைந்து கொடுப்பதாலும், நாக்கின் நார்கள் இழுப்பைத் தாங்குவதாலும்தான் இது நடக்கிறது.

இதையே கருங்கல்லில் செய்யச் சொன்னால் எந்த ஸ்தபதியும் சிரிப்பார். மேலிருந்து அழுத்தும் எடையைத் தாங்குவதில் கருங்கல் அசுரன். ஆனால் இழுத்தால், அந்தப் பலத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆகவே கல் கட்டடத்தில் இணைப்பு என்பது முக்கால்வாசி படுக்கை மட்டம்தான். மேல் கல்லின் அடியையும் கீழ்க் கல்லின் தலையையும் ஒன்றோடொன்று படியும்வரை கொத்திச் சமன்செய்து ஏற்றிவிட்டால், எடையும் உராய்வும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். 1010-ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் ஏறக்குறைய 60 மீட்டர் உயரம், உள்ளே வெற்றிடம். ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருகிறது. மேலே ஏறிய ஒவ்வொரு கல்லும் கீழே இருப்பதை இன்னும் இறுக்குகிறது. கல்லை உருக்கி வார்த்தார்கள், மூலிகைச் சாறு ஊற்றி இளக்கினார்கள் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருவதை நம்பவேண்டாம். உளித்தடம் தெளிவாகவே இருக்கிறது. இன்னொன்று, "கோயிலில் சுண்ணாம்பே இல்லை" என்பதும் முழுக்கச் சரியில்லை. பெரிய கோபுரங்களில் அடிப்பகுதிதான் கருங்கல். மேல் நிலைகள் பெரும்பாலும் செங்கல், சுண்ணாம்பு, சுதை.

இழுப்பைத் தாங்காத குணம் மண்டபத்தில் பளிச்சென்று தெரியும். இரண்டு தூண்களின் மேல் ஒரு கல் உத்திரம் வைத்தால், அதன் மேல்பக்கம் அழுந்தும், அடிப்பக்கம் இழுபடும். முறிவு தொடங்குவது அடியிலிருந்துதான். அதனால் தூண்களை நெருக்கி வைத்தார்கள், தூணின் தலையில் போதிகையை வைத்து இருபுறமும் கை நீட்டி இடைவெளியை மேலும் குறைத்தார்கள். போதிகை மர வீட்டிலிருந்து வந்த சரக்கு. மரத்தூணுக்கு அது வசதி, கல்தூணுக்கு வந்தபோது உயிர்நாடியாகிவிட்டது. ஆயிரங்கால் மண்டபத்தில் அத்தனை தூண்கள் ஏன் என்று கேட்டால், பிரமாண்டம் ஒரு காரணம், நீளமான கல் உத்திரம் சாத்தியமில்லை என்பது இன்னொரு காரணம்.

மர இணைப்பை அப்படியே கல்லில் போட்டவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் நட்ட பெருங்கற்களின் தலையில் முட்டு முட்டாக நாக்கு இருக்கிறது. மேலே கிடக்கும் குறுக்குக் கல்லின் அடியில் அதற்கேற்ற குழி. வட்டத்தின் குறுக்குக் கற்கள் பக்கத்துக் கல்லோடு சேரும் இடத்தில் காடியும் நாக்கும் வேறு. மேல் கல் விழுந்துவிட்டதால், அங்கேயே உயரமான கல்லின் உச்சியில் அந்த முட்டு வானத்தைப் பார்த்தபடி நிற்பதைப் படங்களில் பார்க்கலாம். மரத்தில் கை பழகியவர்கள்தான் இதைச் செய்திருக்க முடியும். ஆனால் இங்கே அந்த நாக்கு எதையும் இழுத்துப் பிடிக்கவில்லை, கல் வழுக்கி நகராமல் தடுக்கிறது, அவ்வளவே.

கிரேக்கர்கள் வேறு வழி கண்டார்கள். பார்த்தினான் கோயிலில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும் பளிங்குக் கற்களை இரும்புக் கவ்விகளால் பூட்டி, சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஈயம் தண்ணீரை அண்டவிடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுதுபார்த்தபோது ஈயமில்லாமல் இரும்பை வைத்துவிட்டார்கள். இரும்பு துருப்பிடித்து உப்பி, பளிங்கையே வெடிக்க வைத்தது. இப்போது அவற்றைப் பிடுங்கி டைட்டானியம் வைக்கிறார்கள்.

நம் ஊரில் பல்லவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது: இணைப்பே இல்லாமல் செய்துவிடுவது. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை உருவாக்கியதாகப் பெருமையோடு சொல்கிறது. பாறையைக் குடைந்தால் எதை எதோடு இணைப்பது? ஆனாலும் மரத்தை மறக்க முடியவில்லை. மாமல்லபுரத்து ஐந்து ரதங்கள் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கியவை. அதில் திரௌபதி ரதத்தின் கூரை அச்சு அசலாகக் கூரை வேய்ந்த குடிசை. மழைநீர் வழிய வேண்டிய சரிவு, மூலை வளைவு எல்லாம் ஓலைக்கும் மரத்துக்கும் தேவையானவை, கல்லுக்கு ஒரு உபயோகமும் இல்லை.

அப்புறம் மூன்றாவது கேள்வி, பாறை விரிசல். இதற்கும் அதே மாமல்லபுரம் போதும். அங்குள்ள பாறை பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் அழுத்தத்தில் உருவானது. மேலே இருந்த பாரமெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப்போக, பாறை மேல்நோக்கி விரிய முயன்றது. விரிவது என்றால் இழுபடுவது. கல்லுக்குத்தான் இழுப்பு ஆகாதே. தரைமட்டத்துக்கு இணையாக, வெங்காயச் சருகுபோல் அடுக்கடுக்காகப் பிளவு விட்டது. இதோடு, நிலத்தட்டுகளின் நெரிசலால் செங்குத்தான விரிசல்களும் வரிசை வரிசையாக விழுந்தன. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தாண்டி நகர்ந்திருந்தால் அதற்குப் பிளவுப்பெயர்ச்சி என்று பெயர். இவை நகரவில்லை, வாய் மட்டும் திறந்தன.

கிடைமட்டமாக ஒன்று, செங்குத்தாக இரண்டு என்று மூன்று திசைகளில் விரிசல் விழுந்தால் பாறை பெரிய பெரிய கட்டிகளாகிவிடும். விரிசல்களுக்குள் தண்ணீர் புகுந்து பாறையை மக்கச் செய்யும். கட்டியின் முகத்தை ஒரு பக்கம்தான் தாக்க முடியும், விளிம்பை இரண்டு பக்கம், மூலையை மூன்று பக்கம். ஆகவே மூலைதான் முதலில் கரையும், கட்டி உருண்டையாகும். சுற்றியுள்ள மக்கிய மண் போனதும் உருண்டை மட்டும் மிஞ்சும். கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து அப்படி மிஞ்சியதுதான். யாரும் உருட்டிக்கொண்டுவந்து வைக்கவில்லை.

செங்குத்து விரிசலுக்கு அங்கேயே நேர்த்தியான சான்று இருக்கிறது. அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் புடைப்புச் சிற்பத்தின் நடுவே மேலிருந்து கீழே ஒரு பிளவு ஓடுகிறதே, அது பாறையில் முன்பே இருந்தது. வேறொரு சிற்பியாக இருந்தால் குறை என்று வேறு பாறை தேடியிருப்பான். இவர்கள் அதையே ஆறாக்கி, நாகர்களை நீந்தவிட்டார்கள்.

கல் உடைப்பவர்களும் இந்தக் குணத்தை வைத்தே பிழைக்கிறார்கள். மாமல்லபுரத்துப் பாறைகளில் நேர்கோட்டில் சின்னச் சின்னச் செவ்வகக் குழிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழிகளில் ஆப்பு இறக்கினால் அது கல்லை இரண்டு பக்கமும் தள்ளும், நடுவே கல் இழுபடும், குழிக்குக் குழி விரிசல் ஓடிச் சேரும். எத்தனை டன் எடையை மேலே வைத்தாலும் பிளக்காத கல் சில ஆப்புகளுக்குப் பிளந்துவிடும். கர்நாடகத்தில் உடுப்பிக்கு அருகே செயின்ட் மேரீஸ் தீவில் பட்டை தீட்டியதுபோல் நிற்கும் கல்தூண்களும் இழுப்பின் வேலைதான். எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கும்போது விழுந்த விரிசல்கள் அவை.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். கருங்கல் தன் உடம்பில் தண்ணீர் வைத்துக்கொள்ளாது, மேலே மக்கிய பகுதியிலும் கீழே விரிசல்களிலும்தான் தண்ணீர் ஓடும். பக்கத்து வீட்டில் 200 அடியில் தண்ணீர் வந்து, உங்கள் போரில் 600 அடி போயும் புழுதி மட்டும் வருகிறதென்றால், அவர்களுடையது ஒரு விரிசலைத் தொட்டிருக்கிறது, உங்களுடையது இரண்டு விரிசல்களுக்கு நடுவே முழுப் பாறையில் இறங்கியிருக்கிறது. போர் போடும் எண்ணம் இருந்தால் முதலில் மின்தடை ஆய்வு (நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, அது எங்கே எளிதாகப் பாய்கிறது என்று அளப்பது) செய்து பாருங்கள். தேங்காயை உருட்டிப் பார்ப்பது உங்கள் விருப்பம்.