மெக்கானிக்கல் முடித்த தங்கைக்கு ‘டைவர்சிட்டி’ (பெண்களையும் எடுக்கவேண்டும் என்ற) கணக்கில் கோர் கம்பெனி (படித்த துறையிலேயே) வேலை வந்திருக்கிறது. சேரச் சொல்லலாமா?

கேட்டிருப்பவர் அண்ணன் என்று நினைக்கிறேன். “தகுதியில் வராமல் கோட்டாவில் வந்த மாதிரி இருக்கிறது, நாளைக்கு அங்கே மதிப்பார்களா?” என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். இதை ஒரு தடவையாவது தங்கை காதுபடச் சொல்லியிருப்பீர்கள். எனக்கும் சொன்னார்கள். அதனால்தான் ராத்திரி பதினொன்றரைக்குத் தூங்காமல் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் அருப்புக்கோட்டைக்காரி. அப்பாவுக்குத் தறி வேலை. வீட்டில் முதல் பட்டதாரி நான். அந்தச் சலுகைச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கு நடந்த நடை தனிக் கதை. மெக்கானிக்கலில் எங்கள் வருடம் 118 பேர், அதில் பெண்கள் நாலு பேர். கடைசி வருடம் ஒரகடம் பக்கத்திலிருந்து வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்று கேம்பஸுக்கு வந்தது. பெயர் வேண்டாம். மூன்று பேரை எடுத்தார்கள், இரண்டு பேர் பெண்கள். “இந்த வருஷம் எங்களுக்கு டைவர்சிட்டி டார்கெட் இருக்கு” என்று ஹெச்.ஆர். மேடமே மைக்கில் சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். என்னைவிட அரை பாயின்ட் கூடுதல் சி.ஜி.பி.ஏ. வைத்திருந்த பையனுக்குக் கிடைக்கவில்லை. அன்று சாயந்திரம் டீக்கடையில் எனக்கும் சேர்த்து அவன்தான் காசு கொடுத்தான். ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“அப்போ அவன் சீட்டைப் பறிச்சவதானே நீ” என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய வருடங்களில் எங்கள் டிபார்ட்மென்ட்டுக்கு வந்த பாதிக் கம்பெனிகளுக்கு, ‘ஒன்லி மேல் கேண்டிடேட்ஸ்’ என்று பிளேஸ்மென்ட் ஆபீசர் வாட்ஸ்அப்பில் போடுவார். அதற்கு யாரும் கோட்டா என்று பெயர் வைக்கவில்லை. 1974-ல் டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) விளம்பரத்தில் பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்றிருந்ததைப் பார்த்து சுதா மூர்த்தி ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு அஞ்சலட்டை எழுதிய கதையை எல்லாக் கல்லூரி ஆண்டுவிழாவிலும் சொல்வார்கள். எங்கள் பிளேஸ்மென்ட் ஆபீசரும் சொன்னார், அதே வாயால்.

சரி, கதைக்கு வருகிறேன். 2018 ஜூலையில் ஜி.இ.டி.யாக, அதாவது பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தேன். பதினாலு பேர் கொண்ட பேட்ச், மூன்று பெண்கள். ஒருத்தி பர்ச்சேஸ், ஒருத்தி குவாலிட்டி லேப். உலோகத்தைக் கடைந்து பாகம் செய்யும் மெஷின் ஷாப்புக்கு நான் மட்டும், அதுவும் நானே கேட்டு வாங்கியது. முதல் நாள் ஸ்டோரில் சேஃப்டி ஷூ கேட்டால் ஆறாம் நம்பருக்குக் கீழே இல்லை. என் கால் நாலு. “ரெண்டு சாக்ஸ் போட்டுக்கங்கம்மா, இண்டென்ட் போட்டிருக்கு” என்றார் ஸ்டோர்காரர். தற்காலிக கேட் பாஸில் அச்சிலேயே ‘மிஸ்டர்’ என்றிருந்தது. செக்யூரிட்டி அண்ணன் பேனாவால் அடித்துவிட்டு மேலே ‘மிஸ்’ என்று எழுதிக் கொடுத்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-களில் எலக்ட்ரிகல் முடித்த லலிதாவுக்கும் இப்படித்தானாம். சான்றிதழில் அச்சாகியிருந்த ‘ஹி’யை அடித்து ‘ஷி’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள் என்று பிறகு எங்கேயோ படித்தேன். எழுபத்தைந்து வருடம் கழித்தும் அதே பேனா.

டாய்லெட் அட்மின் பிளாக்கில். என் மெஷினிலிருந்து போக வர பன்னிரண்டு நிமிடம், நானே டைம் பார்த்தது. பெண்களுக்குத் தனியாக இருக்கவேண்டும் என்று அப்போதைய தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சொல்லியிருந்தது. இருந்தது, அட்மின் பிளாக்கில். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். டிசம்பரில் சிறுநீர்த் தொற்று வந்து நாலு நாள் லீவு. “ஷாப் ஃப்ளோர் சூடு ஒத்துக்கலபோல” என்று ஷிஃப்ட் இன்சார்ஜ் எல்லோரிடமும் பரிதாபமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. மகள் மாதிரி பார்த்துக்கொண்டார், அதுதான் பிரச்சினையே. “நீ எதுக்கு ஆயில்ல கை வைக்கிற, உட்காரு” என்று ஒரு கம்ப்யூட்டர் கொடுத்து, பி.பி.ஏ.பி. ஃபைலும் (பாகங்களுக்கு வாடிக்கையாளர் கம்பெனியிடம் ஒப்புதல் வாங்கும் ஆவணம்) ரிஜெக்‌ஷன் எக்செல்லும் என் தலையில் வந்து விழுந்தன.

கூட வந்த பையன்கள் மூன்று ஷிஃப்டும் சுற்றினார்கள். மெஷின் மக்கர் செய்வது பெரும்பாலும் ராத்திரியில்தான், கற்றுக்கொள்வதும் அப்போதுதான். எனக்கு எட்டரையிலிருந்து ஐந்தேகால் வரை ஜெனரல் ஷிஃப்ட் மட்டும். கேட்டால் ‘ஃபேக்டரீஸ் ஆக்ட்’ என்றார்கள். தேடிப் படித்தேன். 1948-ம் வருடத்துச் சட்டம், 66-ம் பிரிவு: பெண்களுக்குக் காலை 6 முதல் மாலை 7 வரைதான் வேலை. அந்தத் தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வசந்தா வழக்கில் 2000 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது, எனக்கு அப்போது நாலு வயசு. பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஹெச்.ஆரிடம் போனேன். அவரும் படித்திருந்தார். தீர்ப்போடு சேர்ந்து பாதுகாப்பு நிபந்தனைகள் இருந்தன. அதில் ஒன்று, ராத்திரி ஷிஃப்டில் பெண்களைப் பத்துப் பேருக்குக் குறையாத குழுவாகத்தான் போடவேண்டும் என்பது. “நீங்க ஒரே ஆளும்மா. இன்னும் ஒன்பது பேர் வரட்டும், பார்க்கலாம்.” நல்லதுக்குப் போட்ட நிபந்தனைதான். இருநூறு பெண்கள் வேலை பார்க்கும் லைனுக்குச் சரி. (2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, சம்மதம் கொடுத்தால் பெண்கள் ராத்திரி வேலை பார்க்கலாம். தங்கை அதைச் சொல்லிக் கேட்கட்டும்.)

வருடக் கடைசியில் கன்ஃபர்மேஷன் இன்டர்வியூ. “தனியா எத்தனை செட்டிங் பண்ணியிருக்கீங்க?” செட்டிங் என்றால் ஒரு பாகம் செய்ய மெஷினைத் தயார்படுத்துவது. பையன்கள் முப்பது, முப்பத்தைந்து என்றார்கள். நான் இரண்டு. ரேட்டிங் அதற்குத் தகுந்த மாதிரி வந்தது. யாரும் பாரபட்சம் பார்க்கவில்லை, கணக்கு அப்படி.

அந்த இரண்டு செட்டிங்கும் கற்றுக்கொடுத்தவர் ஒரு செட்டர் அண்ணன். ஐ.டி.ஐ. படித்தவர், அந்த ஷாப்பில் பதினாலு வருடம். ரிஜெக்‌ஷன் எக்செல்லை நிரப்பிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. 25 மில்லிமீட்டர் துளை, 21 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) வரைதான் கூடலாம், ஒரு இம்மிகூடக் குறையக் கூடாது. குறைந்து வந்து தள்ளுபடியான பீஸ்களுக்கு நேரத்தைப் பார்த்தால் முக்கால்வாசி சாப்பாட்டு இடைவேளை முடிந்த அரை மணிக்குள். ஓடிப்போய் அண்ணனிடம் காட்டினேன். துளையை அளக்கும் போர் கேஜைத் துணியில் துடைத்துக்கொண்டே, “மிஷினும் சோறு தின்னுட்டு வருதுல்ல பாப்பா, கொஞ்ச நேரம் சோம்பலாத்தான் இருக்கும்” என்றார். அரை மணி நிறுத்தினால் மெஷினில் சுழலும் அச்சான ஸ்பிண்டில் சூடு ஆறிவிடும், பத்துப் பன்னிரண்டு மைக்ரான் அளவு நகர்ந்துவிடும். அவர் மெஷினில் மட்டும் சாப்பிட்டு வந்ததும் பீஸ் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா ஓட்டுவார். மற்றவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். “யார் கேட்டா?”

நான் எழுதினேன். கிராஃப் போட்டு, ‘வார்ம் அப் சைக்கிள்’ என்று பெயர் வைத்து, எட்டு மெஷினுக்கும் புரோகிராமில் சேர்க்கச் சொல்லி கெய்சன் ஷீட் (வேலையை மேம்படுத்த எழுதிக் கொடுக்கும் யோசனை) கொடுத்தேன். டீம் மெம்பர்ஸ் என்ற கட்டத்தில் அவர் பெயரையும் எழுதினேன், சத்தியமாக. 2019 மார்ச் 8 மகளிர் தின விழாவில் ‘முதல் பெண் ஜி.இ.டி.யின் கெய்சன்’ என்று எனக்கு மட்டும் சான்றிதழ், ஒரு மிக்சி, போட்டோ. கம்பெனிப் பத்திரிகையில் அரைப் பக்கம். அண்ணன் பெயர் எங்கேயும் இல்லை. அவர் பின்வரிசையில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

மைக் என் கையில்தான் இருந்தது. “தேங்க் யூ” சொல்லிவிட்டு இறங்கினேன். டைவர்சிட்டி என்று யாராவது பேசினால் எனக்கு இன்றைக்கும் குத்துவது அந்த அரை நிமிடம்தான். அந்த கேம்பஸ் பையன் சீட்டை எடுத்தேனா இல்லையா என்பதற்குக்கூட என்னிடம் பதில் இருக்கிறது, இதற்கு இல்லை. அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்டபோது, “விடு பாப்பா, மிக்சி வந்து எங்க வீட்ல என்ன அரைக்கப் போவுது” என்று சிரித்தார். மிக்சியை நான் இன்னும் பிரிக்கவில்லை.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஹாஸ்டல். இரண்டாம் வருடம் சண்டை போட்டு இரண்டாம் ஷிஃப்ட் வாங்கினேன். அது முடியும்போது ராத்திரி 11. ஹாஸ்டல் கேட் 9 மணிக்குப் பூட்டு. கம்பெனி கேப் வாசலில் நிற்க, நான் கேட்டைத் தட்ட, வார்டன் அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி, “பொம்பளப் புள்ளைக்கு இந்நேரம் என்ன மிஷின் வேல?” என்பார். அதே ஹாஸ்டலில் ஐ.டி. பெண்கள் ஒரு மணிக்கு வந்தால் ஒன்றும் கேட்கமாட்டார். அவர்கள் டேகில் இங்கிலீஷ் வாசனை, என் சட்டையில் கூலன்ட் வாசனை. இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற மாதிரி அரசு கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தாகிவிட்டது, சந்தோஷம். லைன் பெண்களுக்கு அது மிகப் பெரிய விஷயம். கம்பெனிக்கு ஒருத்தி என்று இருக்கிறவளுக்கு இன்னும் அந்த வார்டன் அம்மாதான். அட்வான்ஸையும் முழுசாகத் திருப்பித் தரவில்லை.

உங்கள் தங்கை விஷயம். சேரச் சொல்லுங்கள். எந்தக் கணக்கில் எடுத்தார்கள் என்பது ஆறு மாதத்தில் மறந்துவிடும். அங்கே அதைக் கிண்டலடிக்கிறவனுக்கும் உற்பத்தி டார்கெட், இவளுக்கும் உற்பத்தி டார்கெட். ஆனால் ஆஃபர் லெட்டருக்குப் பதில் போடும் முன் ஹெச்.ஆரிடம் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: எந்த ஷாப், ஷிஃப்ட் சுழற்சியில் என்னையும் போடுவீர்களா, அந்த ஷாப்பில் ஏற்கெனவே எத்தனை பெண்கள். ‘பார்த்துக்கலாம்மா’ என்றால் எக்செல் என்று அர்த்தம். அப்போதும் சேரலாம், தெரிந்துகொண்டு சேரட்டும். சேர்ந்ததும் வயதான செட்டர் யார் என்று பார்த்து அவர் பக்கத்தில் நிற்கட்டும்.

ஷூ சைஸை மட்டும் இன்றைக்கே மெயில் போடச் சொல்லுங்கள். எனக்கு நாலாம் நம்பர் வந்து சேர மூன்று மாதம் ஆனது.