ஊர்க் கதைகளை ஓவியத்தோடும் ஏஐயோடும் சேர்த்துத் தொகுப்பது எப்படி?

கேள்வி இதுதான்: எங்கள் ஊர் மக்களின் கதைகளை ஓவியம், ஏஐ இரண்டையும் வைத்துத் தொகுக்க நினைக்கிறோம். ஊரின் குறைகளைப் பட்டியல் போடாமல் ஊருக்கு இருக்கும் பலத்தை முன்னால் வைக்க வேண்டும் என்பது எண்ணம். ஏஐ இதில் உண்மையிலேயே உதவுமா?

உதவும். ஆனால் அது கடைசியில் வரட்டும். முதலில் ஆட்கள், அப்புறம் கைவேலை, அதற்கும் அப்புறம்தான் கம்ப்யூட்டர். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் கடல்பாசி எடுக்கும் பெண்களோடு சேர்ந்து இப்படி ஒரு தொகுப்பைச் செய்த குழுவில் நான் இருந்தேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

மன்னார் வளைகுடாக் கரையில் பல ஊர்களில் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கடலில் முங்கிப் பாசி பறிக்கிறார்கள். ஆலைகளுக்குப் போய், கெட்டியாக்கப் பயன்படும் அகர், ஆல்ஜின் என்ற பொருள்களாகி, உணவிலும் மருந்திலும் சேர்வது அந்தப் பாசிதான். அங்குள்ள 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அதன் பிறகு தீவுகளை ஒட்டிப் பாசி எடுப்பது சட்டச் சிக்கலானது. இவர்களைப் பற்றி வெளியிலிருந்து யார் எழுத வந்தாலும் ‘வாழ்வாதாரம் இழந்து தவிக்கும் பெண்கள்’ என்றுதான் பெரும்பாலும் தொடங்குவார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் இந்தப் பெண்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, இரும்புச் சுரண்டியை விட்டுவிட்டுக் கையால் பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு போட்டுக்கொண்டவர்கள். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்ற பாசி எடுக்கும் பெண்ணுக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. தீவுகளின் சுற்றுச்சூழலைக் காக்கப் பாடுபடும் அமெரிக்க அமைப்பு தருவது அது. அவர் அதை வாங்கியது கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில். பலம் என்று நீங்கள் சொல்வது இதுதான். தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கேட்கிற கேள்வியை மாற்றினாலே வெளியே வந்துவிடும்.

ஜான் கிரெட்ஸ்மன், ஜான் மெக்நைட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1993இல் இதைப் புத்தகமாகவே எழுதினார்கள். ஏழைக் குடியிருப்புக்குப் போகிறவர்கள் எல்லோரும் அங்கே என்னென்ன இல்லை என்று கணக்கெடுக்கிறார்கள், முதலில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுங்கள் என்பது அவர்கள் வாதம். நாங்கள் கேட்டதும் அந்த மாதிரிக் கேள்விகள்தான். பக்கத்து ஊர்க்காரர் உங்களிடம் எதைக் கேட்டு வருவார்கள்? புதிதாக முங்க வரும் பெண்ணுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? இந்த ஊரில் உங்களுக்கு மட்டும் தெரிந்தது எது? ‘உங்கள் பிரச்சினை என்ன’ என்று கேட்டால் பழகிப்போன பதில்தான் வரும். அதைப் பல பேருக்கு ஏற்கெனவே சொல்லிச் சலித்திருப்பார்கள்.

இனி ஓவியம். தாளும் கலர் பென்சிலும் கொடுத்து ‘வரையுங்கள்’ என்றால் பெரியவர்கள் கூச்சப்பட்டு ஒதுங்குவார்கள். பள்ளிக்கூடத்தில் செய்யச் சொல்வதுபோல இருக்கும். தாளை எடுத்துவைத்துவிட்டுக் கோலமாவைக் கொடுத்துப் பாருங்கள். கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத்திட்டை அங்கே ‘பார்’ என்பார்கள். எந்தப் பார் எங்கே இருக்கிறது என்று தரையில் போட்டுக் காட்டச் சொன்னோம். ஓர் அம்மா கரையை ஒரே இழுப்பில் போட்டார். இன்னொருவர் தீவுகளைப் புள்ளியாக வைத்தார். அதற்குப் பிறகு எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. “அந்தப் பாரு இவ்வளவு கிட்டவா இருக்கு?” என்று ஒருவர் அழிக்க, மற்றவர் இரண்டு அடி தள்ளிப் போட, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் போகக்கூடாது என்று விரலால் கோடு இழுக்க, ஒரு பகல் முழுக்கப் போனது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுகள் எல்லாம் அந்த வரைபடத்தில் வந்தன. வேடிக்கை பார்த்த மீன்பிடிக்கிற ஆண்கள் சிலரே, இத்தனை பார் இருப்பது எங்களுக்குத் தெரியாதே என்றார்கள். நாங்கள் செய்ததெல்லாம் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தது மட்டும்தான். பேட்டி என்று உட்கார வைத்துக் கேட்டிருந்தால் இதில் கால்வாசி கூட வந்திருக்காது.

ஆகவே உங்கள் ஊரில் கைக்குப் பழகிய கலை எதுவோ, அதிலிருந்து தொடங்குங்கள். பாய் முடைகிறார்களா, கூடை பின்னுகிறார்களா, சுவரில் எழுதுகிறார்களா என்று பாருங்கள். பீகாரின் மிதிலைப் பகுதியில் 1960களின் வறட்சிக் காலத்தில் இப்படித்தான் நடந்தது. காலங்காலமாகச் சுவரில் வரைந்துகொண்டிருந்த பெண்களிடம் தாளைக் கொடுத்தார்கள். கைவினைக் கலைகளின் வளர்ச்சிக்கு உழைத்த புபுல் ஜெயகர் அனுப்ப, பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியர் ஊர் ஊராகக் கொண்டுபோனார். யாரும் அவர்களுக்கு ஓவியம் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்களில் ஒருவரான கங்கா தேவி பிற்காலத்தில் தான் போய்வந்த அமெரிக்காவையும், தனக்குப் புற்றுநோய் வந்தபோது பார்த்த மருத்துவமனை நாட்களையும் அதே மிதிலைக் கோட்டில் வரைந்தார். கல்யாணச் சுவரில் போடும் கோடு, ஆஸ்பத்திரிப் படுக்கையையும் சொல்லிவிட்டது. இந்தத் துறைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் நான் காட்ட விரும்புகிற படங்கள் அவை.

இப்போது ஏஐக்கு வருகிறேன். முதலில் கறாராகச் சொல்லிவிடுகிறேன்: மக்களின் படத்தை ஏஐயிடம் வரையச் சொல்லாதீர்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பி, பாசி எடுக்கும் தமிழ்ப் பெண் என்று விவரம் கொடுத்துப் படம் கேட்டார். வந்த படத்தில் தலையில் கூடை, கிழிந்த சேலை, சோகமான முகம், பின்னால் சூரிய அஸ்தமனம். அந்த அம்மாக்களிடம் காட்டினோம். ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டு, “இதுல கண்ணாடி இல்லையே தம்பி, கண்ணாடி இல்லாம எப்படி முங்குவா?” என்றார். இணையத்தில் குவிந்து கிடக்கும் படங்களைப் பார்த்துப் பழகிய இயந்திரம் அது. அந்தக் குவியலில் இவர்கள் இல்லை. கரையில் சோகமாக உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருத்திதான் இருக்கிறாள். விவரத்தைத் திருத்தித் திருத்திக் கண்ணாடியை வரவைத்துவிடலாம்தான். ஆனால் அவரே கோலமாவில் போட்ட படம் தரையில் இருக்கும்போது அது எதற்கு?

ஏஐக்கு உருப்படியான வேலை வேறு இருக்கிறது. மணிக்கணக்கான பேச்சை எழுத்தாக்குவது முதல் வேலை. ஓபன்ஏஐ நிறுவனம் 2022இல் இலவசமாக வெளியிட்ட விஸ்பர் என்ற மென்பொருளை உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே இணையம் இல்லாமல் ஓட்டலாம். ஊர்ப் பெண்களின் குரல் வெளியே எந்த சர்வருக்கும் போகாது என்பதால் எனக்கு அது பிடிக்கும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும் இந்திய மொழிகளுக்கென்றே பேச்சை எழுத்தாக்கும் கருவிகளை இலவசமாகத் தந்திருக்கிறது. இரண்டுமே வட்டாரப் பேச்சில் தடுமாறும். காற்றின் பெயர், பாரின் பெயர், பாசியின் பெயர் எல்லாம் வேறு ஏதோவாக வந்து நிற்கும். அதனால் ஊர்ச் சொற்களை முதலிலேயே பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகள் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து திருத்த வேண்டும். திருத்துகிற பிள்ளைக்குச் சம்பளம் கொடுங்கள், அது நிஜமான வேலை. அப்புறம் யார் யார் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று பிரித்து அடுக்குவது, காணொளிக்கு அடியில் எழுத்துப் போடுவது, அடுத்த முறை யாரிடம் என்ன கேட்கலாம் என்று யோசனை கேட்பது. இதிலெல்லாம் நிறைய நேரம் மிச்சமாகும்.

சுருக்கி எழுதச் சொல்லும்போதுதான் கவனம் வேண்டும். உங்கள் நோக்கமே அந்த இடத்தில்தான் சத்தமில்லாமல் கவிழும். ஓர் அம்மா தன் கதையைச் சொல்லியிருந்தார். சின்ன வயதில் சித்தியோடு கடலுக்குப் போனது, மூச்சடக்கப் பழகியது, எந்தப் பாரில் எது முளைக்கும் என்று இருட்டிலும் சொல்வேன் என்று. ஏஐ எழுதித் தந்த சுருக்கம், ‘வறுமையின் காரணமாகச் சிறுவயதிலேயே ஆபத்தான தொழிலுக்குத் தள்ளப்பட்ட’ என்று ஆரம்பித்தது. நல்ல தமிழ், பிழையே இல்லை. படித்துக் காட்டியபோது அவர் கேட்டார்: “வறுமைன்னு நான் எங்கய்யா சொன்னேன்? ஆசைப்பட்டுல்ல போனேன்.” ஒலிப்பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். எங்குமே அந்தச் சொல் இல்லை. இப்படிப்பட்ட பெண் என்றால் இப்படித்தான் கதை இருக்கும் என்று இயந்திரம் தானாக நிரப்பிக்கொண்டது.

அதிலிருந்து ஒரு முறையைக் கடைப்பிடித்தோம், உங்களுக்கும் சொல்கிறேன். சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில், அது ஒலிப்பதிவின் எந்த நிமிடத்தில் இருக்கிறது என்று ஏஐயையே எழுதச் சொல்லுங்கள். அந்த நிமிடத்துக்குப் போய்க் காதால் கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் நிமிடக் கணக்கையும் அது கற்பனையாகக் கொடுக்கக்கூடும். சொன்னவர் வாயில் வராத காரணம், வராத உணர்ச்சி எதுவாக இருந்தாலும் வெட்டுங்கள். கடைசியாக, சொன்னவருக்கே உரக்கப் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றாலும் ‘இது நான் இல்லை’ என்று உடனே சொல்லிவிடுவார்.

அப்படியானால் கஷ்டத்தை மறைப்பதா என்று கேட்பார்கள். நிச்சயமாக இல்லை. தடையைப் பற்றியும், பாசிக்குக் கிடைக்கும் விலையைப் பற்றியும், பாறையில் கால் கிழிவது பற்றியும் அந்தப் பெண்கள் நிறையவே பேசினார்கள். ஆனால் கடலைத் தெரிந்தவர்களாக, ‘இப்படிச் செய்தால் சரியாகும்’ என்ற யோசனையோடு பேசினார்கள். அதை அவர்கள் சொன்ன வரிசையிலேயே வைத்தோம். பலத்தைப் பேசுகிறோம் என்ற பெயரில் எல்லோரையும் சிரிக்கவைத்துப் படம் எடுத்து, நிறுவன அறிக்கைக்கு அட்டை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது எனக்குக் கோபம் வருகிற விஷயம். சோகப் படத்தைப் போலவே அதுவும் வெளியாள் எழுதிய கதைதான்.

இன்னொன்று, இந்தத் தொகுப்பு யாருடையது என்பதைத் தொடங்கும்போதே பேசிவிடுங்கள். நியூசிலாந்தின் வடகோடியில் தே ஹிகு மீடியா என்ற மாவோரி வானொலி அமைப்பு இருக்கிறது. 2018இல் தங்கள் மக்களைக் கூப்பிட்டுப் பேசவைத்து, பத்தே நாளில் 300 மணி நேரத்துக்கு மேல் மாவோரி மொழிப் பேச்சைச் சேர்த்தார்கள். அதை வைத்துப் பேச்சை எழுத்தாக்கும் கருவியைத் தாங்களே உருவாக்கினார்கள். வெளி நிறுவனங்கள் விலைக்குக் கேட்டும் கொடுக்கவில்லை. தரவுக்கு நாங்கள் காவலர்கள், பயன்படுத்தினால் அதன் பலன் எங்கள் மக்களுக்கு வர வேண்டும் என்று தனி உரிமமே எழுதினார்கள். அந்த அளவுக்கு நம்மால் முடியாவிட்டாலும், இலவசச் செயலியில் ஊர்க்காரர் குரலை ஏற்றுவதற்கு முன் அதன் நிபந்தனைகளைப் படிக்கவாவது வேண்டும்.

எங்கள் பெண்கள் இதில் எங்களைவிடத் தெளிவாக இருந்தார்கள். கண்காட்சிக்குக் கோல வரைபடத்தைத் துணியில் மாற்றி வரைந்தபோது, பாசி அதிகம் கிடைக்கும் சில பார்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். ஊர் முழுக்கப் பார்க்கும், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள், அப்புறம் யார் யாரோ வருவார்கள் என்றார்கள். அந்தப் பார்களின் பெயர் வரும் பேச்சையும் எழுத்திலிருந்து எடுக்கச் சொன்னார்கள், எடுத்துவிட்டோம். மூல ஒலிப்பதிவு இரண்டு ஹார்டு டிஸ்கில் இருக்கிறது, இரண்டுமே அவர்கள் சங்கத்தில்தான். எங்களுக்கு ஏதாவது தேவைப்பட்டால் சங்கத் தலைவியிடம் கேட்டு, அவர் சரி என்றால் அங்கேயே உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவோம். உங்கள் ஊரிலும் அந்த டிஸ்க் யாரிடம் இருக்கும் என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். அது முடிவாகும் வரை ரெக்கார்டரை ஆன் செய்ய வேண்டாம்.