காலத்தை விலைக்கு வாங்குவது

அன்புள்ள அண்ணனுக்கு,

களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். வயது 41. மட்டக்களப்பு டவுனில் அரசாங்க வேலை. போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம் பஸ்ஸிலேயே போய்விடுகிறது. சபையில் ஓய்வுநாள் பாடசாலை, பாடகர் குழு, கட்டிடக் குழு மூன்றிலும் இருக்கிறேன். புதன் ஜெபக்கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம் வேறு. புதுவருட ஆராதனையில் எங்கள் போதகர் காலத்தைப் பிரயோஜனப்படுத்தச் சொல்லும் எபேசியர் 5:16ஐ எடுத்துப் பேசினார். "மிஷனரி வில்லியம் ஓல்ட் எட்டு மாதத்தில் செய்ததை நீங்கள் நாற்பது வருஷத்தில் செய்தீர்களா?" என்று கேட்டார். குத்திவிட்டது. வீட்டுக்கு வந்து கால் மணித்தியாலக் கணக்கில் அட்டவணை போட்டேன். அதில் அம்மாவுக்கு 5.45 முதல் 6.00 வரை. அம்மாவுக்கு 72 வயது. போனால், "கொஞ்சம் இரி மனே" என்று 78 சூறாவளிக் கதையைத் தொடங்குவா. நூறு தரம் கேட்ட கதை. இருந்தால் அட்டவணை குழம்புகிறது, எழும்பினால் மனம் குழம்புகிறது. ராத்திரியில் ஃபோனை நோண்டியே ஒன்றரை மணித்தியாலம் போகிறது, அதையும் மறைக்கவில்லை. கிறிஸ்தவனாக நேரத்தை எப்படித்தான் பாவிப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் ஓல்ட் கதையை முடித்துவிடுவோம். எங்கள் பக்கத்துப் பிரசங்கங்களில் அவரை இப்படி இழுக்காத ஆண்டே இல்லை. 1814இல் கப்பலில் வந்தார், வழியிலேயே மனைவியைக் கடலில் அடக்கம் செய்தார், மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் தொடங்கினார், 1815 ஏப்ரலில் இங்கேயே இறந்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் அந்த 1814ஐத்தான் தன் ஆண்டாகச் சொல்கிறது. எல்லாம் சரி. ஆனால் தனக்கு இருப்பது எட்டு மாதம் என்று அவருக்கு யார் சொன்னது? தமிழ் தெரியாமல் வந்து இறங்கிய மனிதர். அந்த எட்டு மாதத்தில் ஒரு பங்கு அ, ஆ எழுதிப் பழகவே போயிருக்கும். உங்கள் அட்டவணைப்படி பார்த்தால் அதுவும் வீண் நேரம்தான்.

இனி வசனம். "நாட்கள் பொல்லாதவைகளானதால், காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்." பவுல் இங்கே எழுதிய கிரேக்கச் சொல் கைரோஸ். மணிக்கூட்டில் ஓடுகிற நேரத்துக்குக் குரோனோஸ் என்று வேறு சொல் உண்டு. கைரோஸ் என்றால் ஏற்ற வேளை. வயல்காரர் பாஷையில் சொன்னால் போகம், பயிர் செய்கிற பருவம்.

எனக்குப் பத்து வயது இருக்கும். சிறுபோகம். படுவான்கரையில் மாமாவின் வயலுக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வருகிற முறை ராத்திரியில் விழுந்தது. வயல் குடிசையான வாடிக்குப் போய்ச் சாப்பிட்டோம். அப்புறம் மாமா வரம்பில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார். பக்கத்தில் மண்வெட்டி. நான் கதை கேட்டேன், சொல்லவில்லை. நித்திரையா என்றால் அதுவும் இல்லை. அப்படியே இரண்டு மூன்று மணித்தியாலம். நுளம்புக்கடியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. திடீரென்று எழும்பினார், "வந்திட்டு" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர்ச் சத்தம் மாறியதாம். நான் செருப்பைத் தேடி முடிப்பதற்குள் அவர் வயலுக்குத் தண்ணீர் விட வரம்பில் வக்கடையை வெட்டிவிட்டார். அந்த இரண்டு மூன்று மணித்தியாலத்தை அட்டவணையில் எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

ஆண்டவரையே பாருங்கள். மாற்கு முதலாம் அதிகாரத்தில் விடியமுன் எழும்பி வனாந்தரமான இடத்துக்கு ஜெபிக்கப் போய்விட்டார். சீஷர்கள் தேடிக் கண்டுபிடித்து, உம்மை எல்லாரும் தேடுகிறார்கள் என்கிறார்கள். ஒரு ஊரே காத்து நிற்கிறது. அவர் திரும்பிப் போகவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றுவிட்டார். நம்முடைய கட்டிடக் குழு அவரை மன்னித்திருக்காது. அதே சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரத்தில் ஜெபஆலயத் தலைவன் யவீருவின் பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள். ஓட வேண்டிய நேரம். அந்த இடத்தில் நின்று, என் வஸ்திரங்களைத் தொட்டது யார் என்று கேட்கிறார். தொட்டது, பன்னிரண்டு வருஷம் பெரும்பாடு என்கிற இரத்தப்போக்கோடு இருந்த ஒரு பெண். அவள் நடந்ததை முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறார். அவர் பேசி முடிக்கவில்லை, மகள் இறந்துவிட்டாள் என்று வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற யவீருவின் முகத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பிள்ளை உயிரோடு எழும்புவாள் என்று நமக்குத் தெரியும், அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தெரியாது.

ஒரு சபைக் காரியமும் சொல்ல வேண்டும். நாட்களை எண்ணச் சொல்லி மட்டக்களப்புக்காரருக்கு யாரும் புதிதாகப் போதிக்கத் தேவையில்லை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21உம் ஞாயிற்றுக்கிழமைதான், சீயோன் தேவாலயத்தில் ஓய்வுநாள் பாடசாலை முடித்து நின்ற பிள்ளைகள். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. நான் பார்த்தவரையில், இவற்றுக்குப் பிறகு நாங்கள் கூட்டங்களைக் கூட்டிக்கொண்டே போனோம். காலம் குறுகினது என்று சொல்லிச் சொல்லி வாரத்தில் ஏழு நாளையும் நிரப்பினோம். அதில் பாதி விசுவாசம், பாதி பயம். வீட்டில் தனியே இருக்கப் பயம்.

பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள் என்று நம் வேதாகமத்தில் இருக்கிற இடத்தில் பவுல் எழுதியது சந்தைச் சொல். விலை கொடுத்து வாங்கி எடுத்துக்கொள்வது. காசு கொடுக்காமல் களுவாஞ்சிகுடிச் சந்தையில் ஒரு வெண்டிக்காய் வாங்க முடியுமா? ஆகவே தம்பி, ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஃபோனைக் கொடுங்கள், அதில் பேச்சே இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு அதைக் குசினியில் வைத்துவிட்டுப் படுக்கைக்குப் போங்கள். அது லேசான விலை. கூடின விலை அடுத்தது: கட்டிடக் குழுவை விடுங்கள். போதகருக்கு மனம் நோகும், நாலுபேர் "அவர் இப்ப முந்தி மாதிரி இல்லை" என்பார்கள். அதுதான் விலை. ஓய்வுநாள் பாடசாலையை விட வேண்டாம். பிள்ளைகள் வளர்ந்து போய்விடுவார்கள், கட்டிடம் அங்கேயேதான் நிற்கும். பஸ்ஸில் போகிற இரண்டு மணித்தியாலத்தையும் வேத வாசிப்பால் நிரப்பப் பார்க்காதீர்கள். வெளியே பார்த்துக்கொண்டு வாருங்கள், ஜெபம் தானாக வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

மோசேயின் ஜெபமாகிய 90ஆம் சங்கீதத்தில், "எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்" என்று இருக்கிறது. இரண்டு வசனம் முன்னால் போனால் கணக்கும் இருக்கிறது: ஆயுசு எழுபது வருஷம், பெலத்தின் மிகுதியால் எண்பது. நீங்கள் உங்கள் நாட்களை எண்ணி அட்டவணை போட்டிருக்கிறீர்கள். அம்மாவின் நாட்களையும் ஒருதரம் எண்ணிப் பாருங்கள். 72 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கதையை நூறு தரம் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பதினைந்து நிமிஷத்தில் எழும்பிப் போகிறவர் முழுக்கக் கேட்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். 1978 நவம்பர் 23. கரையோரத்துத் தென்னைகள் சரிந்து கிடந்ததைச் சின்ன வயதில் நானும் பார்த்தேன். அன்றைக்கு உங்கள் அம்மாவுக்கு இருபத்துநாலு, இருபத்தைந்து வயது இருக்கும். கூரை போன பிறகு எங்கே ஒதுங்கினா, கூட யார் இருந்தார்கள், விடிந்ததும் முதலில் யாரைத் தேடிப் போனா? கேட்டு எனக்கு எழுதுங்கள்.