குடல் யார் சொல்லி நகர்கிறது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்று, இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். வயிறு, குடல் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

குன்னூரிலிருந்து: விழுங்கிய பிறகு நாம் எதுவுமே செய்வதில்லை. அப்படியானால் மூளைதான் குடலை நகர்த்துகிறதா?

இல்லை. இதை நான் வாயால் சொல்லி மாணவர்கள் நம்பியதே கிடையாது, கண்ணால் பார்த்த பிறகுதான் நம்புவார்கள். முயல் குடலில் இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, உடல் சூட்டில் வைத்த உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, ஆக்சிஜனைக் குமிழியாக விடுவோம். துண்டின் மேல்முனையில் ஒரு நூல், நூலில் ஒரு மெல்லிய குச்சி, குச்சியின் நுனி கரி படிந்த காகிதத்தை உரசிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் பொறுத்தால் போதும், துண்டு தானாகச் சுருங்கி விரிய ஆரம்பித்துவிடும், கரியில் வெள்ளைக் கோடு அலை அலையாக விழும். மூளையும் இல்லை, முதுகுத்தண்டும் இல்லை, முயலே இல்லை! அட்ரினலின் ஒரு சொட்டு விட்டால் அலை படுத்துவிடும், நரம்பு முனைகள் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை விட்டால் கோடு துள்ளி மேலே ஏறும்.

காரணம் குடல் சுவருக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே வளையமாக ஒரு மென்தசை (நாம் நினைத்தபடி அசைக்க முடியாத தசை) அடுக்கு, வெளியே நீளவாக்கில் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே ஒரு நரம்பு வலை. ஆவர்பாக் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்ததால் அவர் பெயரிலேயே அழைக்கிறோம். அப்புறம் காஹால் செல்கள் என்று சில உண்டு, தாளம் போடுவது அவைதான். இரைப்பையில் நிமிடத்துக்கு 3 தரம், சிறுகுடல் தொடக்கத்தில் 12 தரம். 1899இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் உள்ளே ஏதாவது அழுத்தினால் அதற்கு மேல்பக்கம் சுருங்கியது, கீழ்ப்பக்கம் தளர்ந்தது. உணவு முன்னே போவது இப்படித்தான். மூளை, தன்னிடமிருந்து வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பு வழியாகக் கூட்டும், குறைக்கும், அவ்வளவே.

குன்னூரிலிருந்தே இன்னொருவர்: மேட்டுப்பாளையம் இறங்கும்போது பர்லியார் வருவதற்குள் மகள் வாந்தி எடுத்துவிடுகிறாள். வயிறு பலவீனமா?

வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை அம்மா. உள்காது வளைவுக்கு வளைவு உடம்பு சாய்கிறது என்கிறது, மடியில் உள்ள போனைப் பார்க்கும் கண் எதுவும் அசையவில்லை என்கிறது. இந்தக் குழப்பம் மூளைத்தண்டுக்குப் போனதும் இரைப்பையின் அந்த 3 தரத் தாளம் கெடுகிறது, இரைப்பை தளர்கிறது, சிறுகுடல் இருப்பதைப் பின்னோக்கித் தள்ளுகிறது. கடைசியில் வெளியே தள்ளுவது குடல் தசை இல்லை, உதரவிதானமும் வயிற்றுச் சுவரின் தசையும்தான். முன்சீட்டில் உட்கார வைத்து, தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். புறப்படும் முன் இரண்டு இட்லி போதும். மாத்திரை கொடுப்பதானால் டாக்டரிடம் கேட்டு, வண்டி ஏறும் முன்பே கொடுங்கள், குமட்டல் வந்த பிறகு கொடுத்தால் அது இரைப்பையிலேயே கிடக்கும்.

கொடைக்கானலிலிருந்து: பசித்தால் வயிறு கடமுடா என்கிறதே?

வயிறு காலியானதும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பெரிய அலை இரைப்பையில் கிளம்பிச் சிறுகுடலின் கடைசிவரை போகும், மிச்சம் மீதியைப் பெருக்கித் தள்ளும். காற்றும் நீரும் சேர்ந்து நகரும் சத்தம் அது. எதையாவது கொறித்துக்கொண்டே இருந்தால் இந்தப் பெருக்கும் வேலை நடக்காது.

கோத்தகிரி பக்கத்து எஸ்டேட்டிலிருந்து: அம்மா தேயிலை பறிக்கிறார். காட்டில் ஒதுங்க இடம் இல்லாமல் அடக்கி அடக்கி, இப்போது நாலு நாளுக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறார்.

தம்பி, இந்தக் கேள்வி வந்த அன்று எனக்கு மனசே சரியில்லை. மலக்குடல் நிறைந்ததும் உள் சுருக்குத்தசை தானாகத் திறக்கும், அது மென்தசை, நம் பேச்சைக் கேட்காது. வெளிச் சுருக்குத்தசை மட்டும்தான் நம் கையில். அதை இறுக்கிப் பிடித்தால் மலக்குடல் தளர்ந்து இடம் கொடுத்துவிடும், உந்துதல் அடங்கிவிடும். வருஷக்கணக்கில் இப்படியே போனால் மலக்குடல் விரிந்து, நிறைந்ததே தெரியாமல் போகும். உள்ளே தங்கும் மலத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அது கல்லாகும். குளிரில் தாகமும் தெரியாது, ஒதுங்க இடம் இல்லை என்று தண்ணீரையும் குறைத்திருப்பார்.

காலையில் ஏதாவது சாப்பிட்டதும் பெருங்குடலுக்கு ஒரு உந்துதல் இயல்பாகவே வரும். வேலைக்குப் போகும் முன், சாப்பிட்டு இருபது நிமிடம் கழித்து, வந்தாலும் வராவிட்டாலும் தினமும் உட்காரச் சொல்லுங்கள். கீரை, கேரட், பீன்ஸ், தண்ணீர் எல்லாம் வேண்டும். ரத்தம் போனாலோ எடை குறைந்தாலோ டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். தோட்டத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கேட்பது சலுகை கேட்பது இல்லை, 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே அது எழுதப்பட்டிருந்தது. கேளுங்கள்.

கூடலூரிலிருந்து: அக்கா குழந்தை பிறந்து இரண்டு நாள் மலமே போகவில்லை. குடலில் நரம்பு இல்லை என்று ஆபரேஷன் செய்தார்கள். நரம்பு இல்லாவிட்டால் குடல் தொளதொளவென்றுதானே இருக்க வேண்டும், ஏன் அடைத்தது?

அருமையான கேள்வி. ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் என்பார்கள். கருவில் குடல் நரம்பணுக்கள் பெரும்பாலும் கழுத்துப் பக்கமிருந்து கிளம்பி, உணவுக்குழாய் தொடங்கிக் கீழே கீழே ஊர்ந்து வரும். நடுவில் நின்றுவிட்டால் கடைசித் துண்டுக்கு நரம்பு இல்லை. குடல் தசைக்குத் தளரச் சொல்லுவதே அந்த நரம்புகள்தான், சொல்ல ஆளில்லாததால் அது இறுகியே கிடக்கும். அடைப்பது அந்த இறுகிய துண்டு, அதற்கு மேலே இருக்கும் நல்ல குடல்தான் ஊதிப் பெருக்கும். அந்தத் துண்டை எடுத்துவிட்டு, நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைத்திருப்பார்கள்.

ஒன்று மட்டும் அக்காவிடம் சொல்லிவையுங்கள். ஆபரேஷன் ஆன பிறகும் சில குழந்தைகளுக்குக் குடல் அழற்சி வரும். வயிறு உப்பி, காய்ச்சலோடு நாற்றமடிக்கும் பேதி போனால் கைமருந்து பார்க்க வேண்டாம், விடியட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம், ராத்திரியானாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.